மரப்பலகையில் ஒரு மணல் தோட்டம்

ஜப்பானிய மரச்செதுக்கு அச்சு என்றதும் பெரும்பாலோருக்கு ஹொகுசாய் வரைந்த பேரலை நினைவுக்கு வரும். ஜென் தோட்டம் என்றால், வெள்ளைச் சரளையில் வரிவரியாகக் கோடு இழுத்து நடுவே சில பாறைகள் மட்டும் நிற்கிற காட்சி. இரண்டையும் உலகம் முழுக்கத் தெரியும். அதனால் ஹொகுசாயும் ஹிரோஷிகே என்ற இன்னொரு ஓவியரும் வாழ்ந்த காலத்திலேயே அச்சுக் கலைஞர்கள் அந்தச் சரளைத் தோட்டங்களை வரைந்து தள்ளியிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான். தனித்தாளாக விற்ற பழைய வண்ண அச்சுகளில் நாடக நடிகர்கள் இருக்கிறார்கள், அழகிகளும் மல்லர்களும் இருக்கிறார்கள், ஃபூஜி மலை, மழை, பனி, பாலம் எல்லாம் இருக்கின்றன. சரளைத் தோட்டம் மட்டும் கண்ணில் படுவது மிக அரிது. இன்று நாம் பார்க்கும் ‘கல்லும் மணலும்’ வகை அச்சுப்படங்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவை.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் தோட்டமும் புரியும், அச்சும் புரியும். முதலில் தோட்டத்தைப் பார்ப்போம்.

தண்ணீர் இல்லாத நீர்நிலை

ஜப்பானில் இந்த வகைத் தோட்டத்துக்குக் கரேசன்சுய் என்று பெயர். மலையும் நீரும் கொண்ட நிலக்காட்சிதான், ஆனால் நீர் வறண்டது. பாறை மலையாகவும் தீவாகவும் நிற்கும், சரளை ஆறாகவும் கடலாகவும் விரியும். 14ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை, கியோட்டோ நகரத்தின் ஜென் பௌத்த மடாலயங்களில் இது தனிக் கலையாக வளர்ந்தது. தலைமைத் துறவியின் இல்லத்துக்கு முன்னால், சுவருக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே உள்ள சிறிய இடம்தான் பெரும்பாலும் இதற்கான களம். டைதொகுஜி மடாலய வளாகத்தில் இருக்கும் டைசென்-இன் தோட்டத்தில், ஓர் ஒடுங்கிய சந்து அளவு இடத்துக்குள் மலையிலிருந்து அருவி விழுந்து, ஆறாகி, படகு வடிவக் கல் ஒன்றைத் தாண்டி ஓடுவது போல் கல்லையும் சரளையையும் வைத்தே காட்டியிருக்கிறார்கள். கின்ககுஜி என்ற பொற்கோயிலை எல்லோருக்கும் தெரியும்; அதற்கு இணையாகச் சொல்லப்படும் வெள்ளிக்கோயிலான கின்ககு-ஜியில் (இரண்டின் பெயரும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே வந்து நிற்கிறது, என்ன செய்ய) ஆள் உயரத்துக்கு ஒரு மணல் கூம்பு இருக்கிறது. உச்சி மட்டும் தட்டையாக, அதன் அருகே அலை அலையாகச் சீவிய மணல் மேடை.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது ரியோவான்ஜி. 1450இல் ஹொசொகாவா கட்சுமோட்டோ என்ற பிரபு நிறுவிய மடாலயம். ஓனின் போர் என்ற உள்நாட்டுப் போரில் எரிந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் திரும்பக் கட்டப்பட்டது. தோட்டத்தை யார் அமைத்தார்கள், எப்போது அமைத்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஏறத்தாழ 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஐந்து தொகுதிகளாக 15 கற்கள், அவற்றின் காலடியில் கொஞ்சம் பாசி, மற்றதெல்லாம் சரளை. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது இன்னொன்றின் பின்னால் மறைந்துவிடும். இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அச்சுப்படத்தைப் பார்க்கும்போது உதவும்.

சரளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் மணல் மணல் என்று சொன்னாலும் அது கடற்கரை மணல் மாதிரி நைசானது இல்லை. கியோட்டோவின் வடகிழக்கே ஷிராகாவா ஆற்றுப் பக்கம் கிடைத்த கிரானைட் பாறையின் சிதறல் அது. நைசான மணலாக இருந்தால் காற்றில் பறக்கும், மழையில் கோடு கலைந்துவிடும். இந்தப் பருமனில் கோடு நிற்கும். அதோடு அது தூய வெள்ளையும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகள். வெயில் நாளில் கண் கூசாமல் இருப்பதற்கு அந்தப் புள்ளிகளும் ஒரு காரணம்.

ஜென் மடாலயத் தோட்டம் எல்லாமே சரளைத் தோட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். 14ஆம் நூற்றாண்டின் பெரும் துறவி முசோ சொசெகியோடு சேர்த்துச் சொல்லப்படும் டென்ரியூஜியில் பெரிய குளம் இருக்கிறது. சைஹோஜியில் தரையெல்லாம் பாசி. அதைப் பாசிக் கோயில் என்றே அழைக்கிறார்கள்.

அச்சு எப்படி நடக்கிறது

ரப்பர் ஸ்டாம்பு தெரியும்தானே, அதே தத்துவம். பலகையில் எந்தப் பகுதி மேடாக நிற்கிறதோ அது மை வாங்கும். பள்ளமாகத் தோண்டிய இடம் தாளில் வெறுமையாக விழும். ஜப்பானியர்கள் இதற்குக் காட்டுச் செர்ரி மரத்தை அதிகம் பயன்படுத்தினார்கள். கெட்டியான மரம், மெல்லிய கோட்டையும் உடையாமல் தாங்கும். பலகையை மரத்தின் நீளவாக்கில் அறுத்து எடுப்பார்கள். அதனால் பலகையின் முகத்தில் மரத்தின் வரிகள் ஓடும். இந்த வரிகள் கட்டுரையின் பிற்பகுதியில் திரும்ப வரும்.

ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அதைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டின் இரு பக்கமும் கத்தியால் வெட்டி, மீதியைத் தோண்டி எடுப்பார். இது மூலப் பலகை. வண்ணம் வேண்டுமானால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை. எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் தாள் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக, ஒரு மூலையில் ‘ட’ போல ஒரு வெட்டும் பக்கத்து ஓரத்தில் ஒரு நேர் வெட்டும் செய்து வைப்பார்கள். அவ்வளவு எளிய உத்திதான். அதை வைத்துக்கொண்டே பத்து, பதினைந்து நிறங்களை மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். பல வண்ண அச்சு 1765 வாக்கில், சுசுகி ஹருநொபு என்ற ஓவியரின் காலத்தில், முழு வடிவம் பெற்றது.

அச்சிடுவதற்கு இயந்திரம் கிடையாது. பலகையில் நீர்வண்ணத்தையும் கொஞ்சம் அரிசிப் பசையையும் போட்டுத் தூரிகையால் பரப்புவார்கள். ஈரத் தாளை மேலே விரித்து, மூங்கில் பாளை சுற்றிய பாரென் என்ற வட்டமான கருவியால் பின்பக்கத்தைத் தேய்ப்பார்கள். தாளில் மை கசியாமல் இருக்க முன்கூட்டியே வச்சிரப் பசையும் படிகாரமும் கலந்த நீரைப் பூசியிருப்பார்கள். எவ்வளவு பசை, எவ்வளவு அழுத்தம், பலகையில் எவ்வளவு ஈரம் என்பதெல்லாம் அச்சிடுபவரின் கையில். ஒரே பலகையிலிருந்து எடுத்த இரண்டு படங்கள் ஒன்றுபோல் இல்லாமல் போவது இதனால்தான்.

இவர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துக் காசு போட்டவர் பதிப்பாளர். என்ன விற்கும் என்று முடிவு செய்ததும் அவர்தான். ஜென் தோட்டம் ஏன் படமாகவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

எடோ நகரத்துக்கு எட்டாத தோட்டம்

வண்ண அச்சின் தலைநகரம் எடோ, அதாவது இன்றைய தோக்கியோ. சரளைத் தோட்டங்கள் இருந்தது கியோட்டோவில். நடுவே சுமார் 500 கிலோமீட்டர், தொகைதோ சாலையில் நடந்தால் இரண்டு வாரப் பயணம். எடோவின் கடைகளில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு அச்சுப்படம் கிடைத்தது என்பார்கள். அதை வாங்கியவர்கள் நகரத்துத் தொழிலாளிகளும் வியாபாரிகளும். அவர்களுக்கு வேண்டியது போன வாரம் மேடையில் பார்த்த நடிகரின் முகம், அடுத்த வருடம் போக ஆசைப்படும் ஊரின் காட்சி. துறவி இல்லத்தின் முன்னால் கிடக்கும் வெறுஞ்சரளை யாருக்கு வேண்டும்?

ஹிரோஷிகே 1834 வாக்கில் கியோட்டோவின் புகழ்பெற்ற இடங்கள் என்று பத்துப் படங்கள் கொண்ட ஒரு வரிசை வெளியிட்டார். அதில் ஜென் மடாலயங்கள் இரண்டு வருகின்றன. ஒன்று பொற்கோயில், குளமும் மரங்களுமாக. இன்னொன்று டோஃபுகுஜியின் ட்சூட்டென் பாலம், மேப்பிள் இலைகள் சிவந்த பருவத்தில். இரண்டிலும் நீர், மரம், கட்டடம், பருவம் என்று கண்ணுக்குப் பிடிக்க ஏதோ இருக்கிறது. கல்லையும் சரளையையும் அவர் தொடவில்லை. சொல்லப்போனால் அந்த வரிசையின் காட்சிகள் பலவற்றுக்கு அவர் பழைய வழிகாட்டி நூல்களின் படங்களையே துணையாகக் கொண்டார். அந்த வழிகாட்டி நூல்களைத் திறந்தால்தான் நமக்கு வேண்டியது கிடைக்கிறது.

1780இல் கியோட்டோவின் இடங்களைப் பற்றி அகிசாதோ ரிதோ என்பவர் எழுதிய படவிளக்க நூல் ஒன்று வெளிவந்து சக்கைப்போடு போட்டது. தகெஹாரா ஷுஞ்சோசாய் அதற்குப் படம் வரைந்தார். அந்த வெற்றியைப் பார்த்து வேறு ஊர்களுக்கும் இதே பாணியில் நூல்கள் வந்தன. 1799இல் ரிதோ திரும்பவும் கியோட்டோவுக்கு வந்து, இந்த முறை தோட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். மியாகோ ரின்சென் மெய்ஷோ சுயே என்பது நூலின் பெயர். சகுமா சோஎன், நிஷிமுரா சூவா, ஒகு புன்மெய் என்று மூன்று ஓவியர்கள். எழுத்தும் படமும் சேர்த்து எல்லாமே மரப்பலகையில் செதுக்கி, கறுப்பு மையில் அச்சிட்டவை. ஜென் தோட்டங்களின் பழைய மரச்செதுக்கு அச்சு வேண்டுமென்றால் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். கலைச் சந்தையில் இதற்குப் பெரிய மவுசு இல்லை. வண்ணமில்லாத புத்தகப் பக்கங்கள்தானே. எனக்கு இவை ஹிரோஷிகேயின் வண்ணத் தாள்களைவிடச் சுவையானவை.

அதில் ரியோவான்ஜி வருகிறது. பறவைப் பார்வை. மேலிருந்து கீழே பார்ப்பதுபோல் கூரை, சுவர், கற்கள் எல்லாம் தெரிகின்றன. தாழ்வாரத்தில் உட்கார்ந்தவனுக்கு ஒரு கல் எப்போதும் ஒளிந்திருக்கும் என்றோமே, இந்த ஓவியருக்கு அந்தக் கவலையே இல்லை. வானத்தில் நிற்பவனுக்கு எதுவும் மறையாது. இன்னொன்றுதான் பார்ப்பவரைத் தூக்கிவாரிப்போடும்: படத்தில் மனிதர்கள் சரளைமேலேயே நிற்கிறார்கள், உலாவுகிறார்கள். இன்றைக்கு அங்கே ஒருவர் கால் வைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தாழ்வாரத்தில் மூச்சை அடக்கி உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் என்றென்றைக்கும் இருந்தது என்று நாம் கொண்டிருக்கும் எண்ணத்தை இந்த ஒரு பக்கம் கலைத்துவிடுகிறது.

அந்த நூல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1797இல், மடாலயத்தில் தீ விபத்து நேர்ந்து தலைமைத் துறவியின் பழைய இல்லம் அழிந்துபோனது. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் பக்கத்து உபமடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. 1680களில் எழுதப்பட்ட குறிப்புகளோ இந்தத் தோட்டத்தில் ஒன்பது பெரிய கற்கள் இருப்பதாகவும், புலி தன் குட்டிகளை ஆற்றைக் கடத்துவதுபோல் அவை அமைந்திருப்பதாகவும் சொல்கின்றன. அந்தக் காலத்தில் ரியோவான்ஜிக்கு ஆட்கள் போனதற்கு முக்கிய காரணம் கீழே உள்ள குளமும் அதில் நீந்திய மாண்டரின் வாத்துகளும்தான். வாத்துக் கோயில் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆக, தோட்டம் மாறியிருக்கிறது, பார்வையும் மாறியிருக்கிறது. பழைய அச்சுக்காரர்கள் ஒரு மாபெரும் கலைப்படைப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று குறைசொல்ல முடியாது. அவர்களுடைய ஊரில் அதற்கு அந்த மதிப்பே அப்போது இல்லை.

தோட்டம் சம்பந்தமான மரச்செதுக்கு அச்சில் இன்னொரு கிளையும் உண்டு, தோட்டக் கலைக் கையேடுகள். கிதாமுரா என்கின் 1735இல் ஒன்று வெளியிட்டார். நம் ரிதோவே 1828இல் அதே பெயரில் ஒன்று போட்டார். எந்தக் கல்லை எங்கே நடுவது, அதற்கு என்ன பெயர், சமதளத் தோட்டம் எப்படி, குன்றுத் தோட்டம் எப்படி என்று படம் போட்டு எண் கொடுத்துக் காட்டும் நூல்கள். கலையழகை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றம், ஆனால் கல்லை வைப்பவனின் கண் எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ள இவை நல்லவை.

இருபதாம் நூற்றாண்டு

1868க்குப் பிறகு புகைப்படமும் கல்லச்சும் வந்து மரச்செதுக்குத் தொழிலைச் சாய்த்தன. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் இரண்டு தரப்பினர். வதனபே ஷோசபுரோ என்ற பதிப்பாளர், ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர் என்ற பழைய கூட்டு முறையையே வைத்துக்கொண்டு, புதிய ஒளி நிழலோடு படங்கள் கொண்டுவந்தார். ஷின்-ஹங்கா, புதிய அச்சு, என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். கவாசே ஹசுய் அதன் நட்சத்திரம். இதற்கு எதிர்முனையில் சோசகு-ஹங்கா, படைப்பு அச்சு. தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட வேண்டும் என்பது இவர்களுடைய கொள்கை. யமமோட்டோ கனாயே 1904இல் வெட்டிய மீனவன் படத்தை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள்.

இதில் ஷின்-ஹங்காக்காரர்களுக்குச் சரளைத் தோட்டம் சரிப்பட்டு வரவில்லை என்பது என் எண்ணம். அவர்களுடைய பலம் வானம். நிறத்தைப் பலகையிலேயே ஈரத் தூரிகையால் கரைத்து, அடர்த்தியிலிருந்து வெளிர்வு வரை நழுவவிடும் பொகாஷி உத்தியில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்தி, பனி, மழை, நீரில் விழும் விளக்கொளி எல்லாம் அதில்தான் வருகின்றன. சுவர் சூழ்ந்த வெள்ளைச் சரளையில் வானத்துக்கு இடமில்லை. அவர்களோடு சேர்த்துப் பேசப்படும் யோஷிடா ஹிரோஷி, 1937இல் நிக்கோவின் யோமெய் வாசலைப் படமாக்க 96 முறை அச்சு ஏற்றினார். (1930களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட இந்தியப் பயணப் படங்களில் மதுரைக் கோயிலும் ஒன்று.) அலங்காரம் நிறைந்த வாசலுக்கு 96 ஏற்றலாம். பாறைக்கும் சரளைக்கும் 96 ஏற்றி என்ன செய்வது?

சோசகு-ஹங்காவினருக்கு நேர்மாறு. போருக்குப் பிறகு இவர்களில் பலர் கியோட்டோவின் தோட்டங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். காலமும் ஒத்துழைத்தது. 1930களில் தோட்ட அமைப்பாளர் ஷிகெமோரி மிரெய் நாடு முழுவதும் சுற்றிப் பழைய தோட்டங்களை அளந்து 26 பாகங்களாக வெளியிட்டார். 1939இல் டோஃபுகுஜியில் பாசியையும் கல்லையும் சதுரங்கக் கட்டம்போல் வைத்து அவரே ஒரு புதுத் தோட்டம் அமைத்தார். ரியோவான்ஜியை நவீன ஓவியம்போலப் பார்க்கும் கண் உருவானது. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் வந்தார்கள், படைப்பு அச்சுகளை ஆர்வமாக வாங்கினார்கள். வாங்குபவர் விரும்பும் ‘அமைதியான ஜப்பான்’ விலைபோனதும் இதில் ஒரு பங்கு, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் சைட்டோ கியோஷிக்கு அநியாயம் செய்ததாகும்.

சைட்டோ (1907–1997) ஃபுகுஷிமாவின் ஐசு பகுதியில் பிறந்தவர். ஹொக்கைதோவில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தார். அச்சுக் கலையைப் பெரும்பாலும் தானாகவே கற்றார். 1951இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ கண்காட்சியில் அவருடைய மரச்செதுக்கு பரிசு பெற்றபோது, ஜப்பானுக்குள்ளேயே அதுவரை அச்சைக் கலையாக மதிக்காதவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கியோட்டோவின் கோயில்கள், சுவர்கள், காகிதக் கதவுகள், கல் தோட்டங்கள் என்று அவர் நிறையச் செய்தார். எல்லாவற்றிலும் ஒரே பழக்கம், வெட்டி எறிவது. தோட்டத்தை முழுசாகக் காட்டமாட்டார். இரண்டு மூன்று பாறை, சுவரின் ஒரு துண்டு, நடுவே அகலமான வெறுமை, அவ்வளவுதான். அந்த வெறுமைக்குள் பார்த்தால் வரிகள் ஓடும். அவை உளியால் வெட்டியவை இல்லை, பலகையின் சொந்த மரவரிகள். வரி எழும்பித் தெரியும் மரத்தைத் தேடி எடுத்து, அதன் வரியையே படத்தின் பொருளாக்குவது அவருடைய கைவரிசை. ஹஷிமோட்டோ ஒகிஇயே என்ற ஓவிய ஆசிரியரும் கோட்டைகளோடு தோட்டங்களையும் விரும்பிச் செய்தார். கியோட்டோவிலேயே வாழ்ந்த தொகுரிகி டொமிகிசிரோவின் படங்கள் இவ்வளவு துணிச்சலானவை இல்லை, பார்க்கப் பாந்தமானவை.

சரளையை அச்சில் கொண்டுவருவது

தொடக்கநிலை வாசகர் ஒருவர் இந்தப் படங்களில் கவனிக்க வேண்டியது எது என்று கேட்டால் சரளையைத்தான் சொல்வேன். பாறை வரைவது சுலபம். கறுப்பாக ஒரு வடிவம் விட்டால் பாறை வந்துவிடும். சரளை அப்படி இல்லை. நிறம் கிட்டத்தட்ட தாளின் நிறம், வடிவமோ வெறும் தரை.

பழைய முறையில் ஒரு கறுப்புக் கோடு வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் வெட்டி, சுற்றிலும் தோண்டி, நடுவே மெல்லிய வரம்பை விட வேண்டும். சரளையில் கோடு இழுக்கும் பல் வைத்த வாருகோலின் தடங்களை இப்படிக் காட்டுவதென்றால் நூற்றுக்கணக்கில் இணைகோடுகளை மேடாக நிறுத்த வேண்டும், கொள்ளை வேலை. பழைய வழிகாட்டி நூல்களின் ஓவியர்கள் மணல் தரையை அநேகமாக வெற்றுத் தாளாகவே விட்டுவிட்டுக் கல்லுக்கும் மரத்துக்கும் போனதில் வியப்பில்லை.

இதையே தலைகீழாக யோசியுங்கள். பலகை முழுதும் மேடு, வெளிர் சாம்பல் நிறம் பூசியாயிற்று. அதில் நகவுளியை ஒரு தடவை நேராகத் தள்ளினால் ஒரு வெள்ளைக் கோடு. பக்கத்தில் இன்னொரு தடவை, இன்னொரு கோடு. துறவி வாருகோலை இழுக்கிறார், சரளையில் பள்ளம் விழுகிறது. செதுக்குபவர் உளியைத் தள்ளுகிறார், மரத்தில் பள்ளம் விழுகிறது. பாறையைச் சுற்றி வட்டமாகப் போகும்போது கை எங்கே திரும்புகிறது என்பதுகூட இரண்டிலும் தெரியும். தானே செதுக்கிய படைப்பு அச்சுக்காரர்களுக்கு இந்தத் தோட்டம் இவ்வளவு பொருந்தி வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் மூன்று வழிகள் உண்டு. சைட்டோவின் மரவரி ஒன்று. நேர்வரி ஓடும் பலகையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் மென்மையான பகுதி தேய்ந்து, கடினமான வரி மட்டும் எழும்பி நிற்கும். மெல்லிய மை போட்டு அச்சிட்டால் உளி படாமலேயே வாரிய மணல் கிடைக்கும். அடுத்தது மையே இல்லாத அச்சு. கோடு வெட்டிய பலகையில் எதுவும் பூசாமல் ஈரத் தாளை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள், சில சமயம் முழங்கையால்கூட. தாள் பள்ளத்துக்குள் புகுந்து புடைத்துக்கொள்ளும். நேராகப் பார்த்தால் வெற்று வெள்ளை, சாய்வாக ஒளி பட்டால் கோடுகள் தெரியும். ஹருநொபு காலத்தில் பனிக்கும் துணி மடிப்புக்கும் பயன்பட்ட பழைய உத்தி. கணினித் திரையில் இது பாதிக்கு மேல் தொலைந்துபோகும். மூன்றாவது எள் அச்சு. பசையைக் குறைத்து, பாரெனை லேசாக மட்டும் ஓட்டினால் மை சீராகப் பிடிக்காமல் எள் தூவியதுபோல் பொரிப்பொரியாக விழும். சாதாரணமாக இதைப் பிழை என்பார்கள். ஷிராகாவா சரளையின் கறுப்புப் புள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பிழை கிடைக்காது.

படம் ஒன்று கையில் கிடைத்தால்

முதலில் ஓவியர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். வானத்திலா, தாழ்வாரத்திலா, சரளைக்கு நடுவிலா? பழைய வழிகாட்டி நூல் மேலிருந்து பார்க்கும், ஆட்கள் இருப்பார்கள், பெயர்ப்பலகை போல இடத்தின் பெயர் மூலையில் இருக்கும். இருபதாம் நூற்றாண்டுப் படம் தாழ்வார உயரத்துக்கு இறங்கிவிடும், ஆட்கள் காணாமல் போய்விடுவார்கள். ரியோவான்ஜி படமென்றால் கற்களை எண்ணுங்கள். 15ஐயும் காட்டியிருந்தால் ஓவியர் தோட்டத்தின் வரைபடத்தைத் தருகிறார். ஏழோ நாலோ இருந்தால் உட்கார்ந்து பார்த்த கண்ணைத் தருகிறார்.

அடுத்து தாளைத் திருப்புங்கள். கையால் தேய்த்த அச்சில் நிறம் தாளுக்குள் இறங்கிப் பின்பக்கம் நிழலாகத் தெரியும், பாரென் வட்டமாகச் சுழன்ற தடமும் அநேகமாக இருக்கும். இயந்திரத்தில் எடுத்த நகலின் பின்பக்கம் சுத்தமாக இருக்கும், முன்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வரிசையான புள்ளிகள். படைப்பு அச்சுகளின் கீழ் விளிம்பில் பென்சில் கையெழுத்தும், எத்தனை பிரதியில் எத்தனையாவது என்ற எண்ணும் இருக்கலாம். யோஷிடா குடும்பத்துப் படங்களில் இடது விளிம்பில் ‘ஜிசுரி’ என்ற முத்திரை இருந்தால், ஓவியரின் நேரடி மேற்பார்வையில் அச்சானது என்று பொருள்.

விற்பவர்கள் ஒட்டும் பெயர்ச்சீட்டை அப்படியே நம்ப வேண்டாம். பனி விழுந்த கோயில் எதைப் பார்த்தாலும் ஜென் என்று எழுதிவிடுகிறார்கள். ஹசுய் 1925இல் செய்த புகழ்பெற்ற சிவப்பு வாசல் படம், தோக்கியோவின் ஸோஜோஜி. அது தூய நில மார்க்கம் என்ற வேறொரு பௌத்தப் பிரிவைச் சேர்ந்த கோயில், ஜென் அல்ல. சைட்டோ பலமுறை செய்த கட்சுராவும் அரச குடும்பத்தின் மாளிகைத் தோட்டம், மடாலயம் இல்லை. படத்தின் அழகு இதனால் குறையாது, தேடும்போது குழப்பம்தான் குறையும்.

வீட்டிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. 1799ஆம் ஆண்டின் தோட்ட நூலைக் கியோட்டோவில் இருக்கும் சர்வதேச ஜப்பானியல் ஆய்வு மையம் பக்கம் பக்கமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் படங்களைப் புரட்டலாம். சைட்டோவின் அச்சுகளுக்குச் சிகாகோ கலைக்கழகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் நல்ல தொகுப்பு வைத்திருக்கின்றன. முதலில் பழைய நூலின் ரியோவான்ஜி பக்கத்தைத் திறந்துவிட்டு, அப்புறம் சைட்டோவின் கல் தோட்டம் ஒன்றைப் பெரிதாக்கி, பாறைகளை விட்டுவிட்டுச் சரளை மேல் மட்டும் கண்ணை ஓட்டிப் பாருங்கள். உளிக்கோடு எது, மரவரி எது என்று பிரிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். சில படங்களில் அது சுலபமாக வராது.